மாப்பிள்ளைக்கு மனித நிறம்

உட்காருங்கள் ஐயா. பெண்ணின் பக்கத்தில் ஆண் உட்கார்ந்தால் பேருந்து கவிழ்ந்துவிடும் என்று நம்புகிற கூட்டத்தில் நான் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை. இந்த ஒயர் கூடையை உங்கள் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். என் மடியில் ஏற்கெனவே இந்தப் பெட்டி இருக்கிறது. பெட்டிக்குள் ப்ரொஜெக்டர் இருக்கிறது. கூடையில் அஞ்சத்தக்கது எதுவும் இல்லை. அடியில் ஒரு வேட்டி, அதன்மேல் ஒரு தண்ணீர் பாட்டில், அதன்மேல் இரண்டு சீப்பு வாழைப்பழம். கோவில்பட்டி வரைதானே? நானும் அங்கேதான்.

உங்கள் சட்டையும் வேட்டியும் நல்ல வெள்ளை. இதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆண்களின் உடையைப் புகழ்வது என் வழக்கமில்லை. நிறத்தைப் பற்றி ஒரு செய்தி சொல்லப்போகிறேன். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வெள்ளை வேண்டும், அது உங்களிடம் இருக்கிறது, அவ்வளவுதான். நிச்சயதார்த்தத்துக்கா போகிறீர்கள்? மைத்துனர் மகளுக்கா? நல்லது. அங்கே மாப்பிள்ளை என்ன நிறம்? முகம் சுளிக்காதீர்கள். நீங்கள் நினைக்கிற பொருளில் நான் கேட்கவில்லை. மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்று விசாரிக்கிறவர்களைக் கல்லூரி மேடையிலேயே ஏசியவள் நான். நிறம் எனக்குப் பொருட்டே அல்ல. ஆனால் அது மனித நிறமாக இருக்க வேண்டும் அல்லவா? அதைக்கூட ஒரு குடும்பம் எதிர்பார்க்கக் கூடாதா?

என் பெயர் உலகநாயகி. முனைவர் உலகநாயகி. பாளையங்கோட்டையில் ஒரு மகளிர் கல்லூரியில் இருபத்தொன்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தேன். அதிலும் ஒளியியல். வானவில் ஏன் வளைந்திருக்கிறது என்று நீங்கள் கேட்டால் கயத்தாறு வரைக்கும் பதில் வரும். கேட்காதீர்கள், நேரமில்லை.

என் தம்பி குற்றாலலிங்கத்துக்கு ஒரே மகள், இசைவாணி. வங்கியில் வேலை, இருபத்தெட்டு வயது. பதினொரு மாப்பிள்ளைகளை வேண்டாம் என்றிருக்கிறாள். ஒருவன் உணவகத்தில் பரிமாறுகிறவரை 'ஏய்' என்று கூப்பிட்டான், வேண்டாம். இன்னொருவன் 'சமைக்கத் தெரியுமா' என்று கேட்டான். 'உங்களுக்கு?' என்று இவள் கேட்டதற்குச் சிரித்தான், வேண்டாம். எல்லாம் நான் ஊட்டிய அறிவு. பன்னிரண்டாவது வரன் ஒரு தரகரைப் பிடித்து நான் கொண்டுவந்தது. பெயர் சிதம்பரராஜன். மஸ்கட்டில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பொறியாளர். இவள் தொலைபேசியில் முக்கால் மணி நேரம் அவனோடு பேசினாள். பேசி முடித்து வெளியே வந்து, "சரி அத்தை, பாக்கலாம்" என்றாள். அந்த ஒரு 'சரி'க்கு எங்கள் வீட்டில் நான்கு ஆண்டுகள் காத்திருந்தோம் ஐயா. தம்பி மனைவி சண்முகவடிவு அன்றைக்கே கேசரி கிண்டினாள்.

பையனின் அப்பா கழுகாசலம். கோவில்பட்டியில் ஜவுளிக்கடை. முப்பது ஆண்டுகளாக வேட்டியும் துண்டும் விற்கிறார். வேட்டியைத் தவிர வேறொன்றும் அறியாத மனிதர். அவரிடமிருந்து அறிவார்ந்த கருத்து எதையும் நான் எதிர்பார்க்கவில்லை. பையன் நல்லவன், அது போதும் என்று விட்டுவிட்டேன்.

மாப்பிள்ளைக்கு விடுப்பு கிடைக்க மூன்று மாதம் ஆகும். அதனால் முதலில் வீடியோவில் பார்த்துவிடுவது என்று இரு வீட்டாரும் முடிவுசெய்தோம். கைபேசியில் பார்க்கலாம் என்றாள் வாணி. ஏற்கத் தகாத யோசனை. எங்கள் வீட்டில் பதினான்கு பேர். ஒரு கைபேசியைச் சுற்றிப் பதினான்கு தலைகள் எப்படிக் கொள்ளும்? அதுவுமில்லாமல் கைபேசி என்பது பொய் சொல்லும் பொருள். போன வருடம் வடிவின் ஒன்றுவிட்ட தங்கை மகளுக்குக் கைபேசியில் பார்த்த மாப்பிள்ளை ரோஜாப்பூவாக இருந்தான். மண்டபத்தில் வந்து நின்றவனை 'இவர் யாரு, மாப்பிள்ளைக்குச் சித்தப்பாவா?' என்று கேட்டார்கள். ஆகவே நான் சொன்னேன்: பெரிய திரை, உண்மையான ஒளி, ப்ரொஜெக்டர். கல்லூரியில் இப்போது துறைத்தலைவியாக இருப்பவள் என் மாணவி. ஒரு சொல் சொன்னேன், கொடுத்தனுப்பிவிட்டாள்.

திரைக்குத்தான் சிக்கல். தம்பி வீட்டுக் கூடத்துச் சுவரெல்லாம் மாம்பழ மஞ்சள். அவனுடைய ரசனை, நான் பொறுப்பல்ல. மஞ்சள் சுவரில் படம் காட்டினால் எல்லோருக்கும் காமாலை வந்ததுபோல இருக்கும். படம் விழுகிற பரப்பு வெள்ளையாக இல்லாவிட்டால் நிறம் கெடும். இது முதலாண்டுப் பாடம். எனவே தம்பியின் எட்டு முழ வேட்டி ஒன்றைப் பீரோவிலிருந்து எடுத்தேன். மயில்கண் கரை, நல்ல நெசவு. ஆனால் வெகுநாள் மடிப்பில் கிடந்து பழுப்பேறியிருந்தது. "மதினி, வெளுக்கப் போட்டிருவோமா?" என்றாள் வடிவு. வேண்டாம் என்றேன். அறிவியல் முறைப்படி நானே துவைத்தேன்.

அறிவியல் முறை என்றால் என்ன என்று கேட்கிறீர்கள். சொட்டு நீலம் ஏன் போடுகிறோம்? நாட்டில் எல்லோரும் போடுகிறார்கள், ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது. மஞ்சளுக்கு எதிர்நிறம் நீலம். பழுப்பின் மேல் நீலத்தைச் சேர்த்தால் ஒன்றை ஒன்று சரிக்கட்டி, கண்ணுக்கு வெண்மை தெரியும். இதுதான் தத்துவம். புட்டியில் ஒரு வாளிக்கு நான்கு சொட்டு என்று போட்டிருந்தது. நான்கு சொட்டு பொதுமக்களுக்கு. ஆண்டுக்கணக்கில் ஏறிய பழுப்புக்கு நான்கு சொட்டு எப்படிப் போதும்? மனக்கணக்காகப் பெருக்கிப் பார்த்தேன். நாற்பது வந்தது. நாற்பது சொட்டு போட்டேன். பளீரென்று ஆகிவிட்டது.

ஏன் இருமுகிறீர்கள்? தண்ணீர் வேண்டுமா? வேண்டாமா? சரி.

சனிக்கிழமை காலை பத்தரைக்கு நல்ல நேரம். சன்னல்களையெல்லாம் போர்வையால் மூடி, கூடத்தை இருட்டாக்கி, வேட்டியை ஆணியடித்துக் கட்டினேன். முன்னால் ஒரு மேசையில் வாணியின் லேப்டாப், பக்கத்தில் ப்ரொஜெக்டர். வாணி லேப்டாப்பின் எதிரே உட்கார வேண்டும், அதில்தான் கேமரா இருக்கிறது. மற்ற பதின்மூன்று பேரும் வேட்டியைப் பார்த்து உட்கார்ந்தோம். அந்தப் பக்கம் மஸ்கட்டிலிருந்து பையன் ஒரு சட்டத்தில், கோவில்பட்டியிலிருந்து அவன் அப்பா அம்மா இன்னொரு சட்டத்தில்.

பையன் முகம் வேட்டியில் தெரிந்தது.

நீலம் ஐயா. நல்ல நீலம். முகம் நீலம், பல் நீலம், அவன் பின்னால் இருந்த சுவர் நீலம். கோவில்பட்டிக் கழுகாசலமும் நீலந்தான். ஆனால் சம்பந்தியின் நிறத்தை யார் பார்த்தார்கள்? "கிருஷ்ணர் மாதிரில்லா இருக்காரு!" என்று பின்வரிசையில் ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வாணி மட்டும் திரும்பிப் பார்த்துவிட்டு, "அத்தை, லேப்டாப்ல சரியாத்தான் இருக்காரு. அந்தத் துணிதான் நீலமா இருக்கு" என்றாள். நான் பொறுமையாக விளக்கினேன்: துணி நீலமாக இருப்பதால் படம் நீலமாகத் தெரியவில்லை; கருவி நீல ஒளியைக் கொட்டுவதால் துணி நீலமாகத் தெரிகிறது. காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போடுவது வணிகவியல் படித்தவர்கள் செய்கிற தவறு. அவள் மறுபடி லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நீங்களும் ஏதோ சொல்ல வருகிறீர்கள். பொறுங்கள், இன்னும் கதையே தொடங்கவில்லை.

அங்கேதான் மந்திரமூர்த்தி எழுந்தார். வடிவின் அண்ணன், வாணிக்குத் தாய்மாமன். நாற்பது ஆண்டுகள் மருந்துக்கடை நடத்தியவர்; அதனால் தம்மை மருத்துவர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். என்னை டீச்சர் என்று கூப்பிடுவார். நான் டீச்சர் அல்லேன், பேராசிரியர். எத்தனை முறை சொன்னாலும் ஏறாது. வேட்டிக்கு அருகே போய், பையனின் உதட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"டீச்சர், ஒதடு நீலம். நகம் தெரியுதா? அதுவும் நீலம். இது பொறவியிலேயே இதயத்துல ஓட்டை. எத்தனை பேருக்கு மாத்திரை குடுத்திருக்கேன்!"

"பல்லும் நீலமாக இருக்கிறதே, பல்லிலும் ஓட்டையா?" என்றேன் நான்.

"முத்திப்போச்சுன்னா பல்லுக்கும் வரும்" என்றார். வடிவு அப்போதே அழ ஆரம்பித்துவிட்டாள்.

இதை வளரவிட்டால் நான் கொண்டுவந்த வரன், நான்கு ஆண்டுகள் காத்திருந்த 'சரி', எல்லாம் ஒரு மருந்துக்கடைக்காரர் விரலில் போய்விடும். ரிமோட்டைக் கையில் எடுத்தேன். மெனுவைத் திறந்தேன். பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், டின்ட், வண்ண வெப்பம் என்று வரிசையாக இருந்தது. நீலத்தைக் குறைத்தேன். பையன் பச்சையானான்.

"மதினி, அவிச்ச புடலங்கா மாதிரி ஆயிட்டாரே!"

"பொறு வடிவு. கொஞ்சம் சிவப்பு கூட்டுகிறேன்."

கூட்டினேன். சற்றுக் கூடிவிட்டது. தக்காளி. மந்திரமூர்த்திக்கு அதுவும் ஒரு நோய். "ரத்தக் கொதிப்பு! பாத்தியளா? எங்கிட்டுப் போனாலும் இதயத்துக்குத்தான் வந்து நிக்கி!"

வண்ண வெப்பத்துக்குப் போனேன். அது உடற்சூடு அல்ல, ஒளியின் சாயல். நடுவில் நின்று விளக்க நேரமில்லை. "சூட்டைக் கூட்டுகிறேன்" என்று மட்டும் சொன்னேன். "கூட்டுங்க டீச்சர், கூட்டுங்க, கொஞ்சம் ரத்தமாவது ஓடட்டும்" என்றார். பிறகு காட்சி வகைகள். சினிமா என்று ஒன்று, விளையாட்டு என்று ஒன்று, கரும்பலகை என்று ஒன்று. கரும்பலகை என்றதும் எனக்கு ஒரு பாசம். அழுத்தினேன். பையன் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தான்.

இன்னொரு பகுதியும் இருந்தது. 'சுவர் நிறம்' என்று தலைப்பு. உள்ளே வெள்ளை, வெளிர் மஞ்சள், வெளிர் நீலம், இளஞ்சிவப்பு என்று பட்டியல். படம் சுவரில் விழவில்லை, வேட்டியில் விழுகிறது. எனவே இது நமக்கு வேண்டாத பகுதி என்று தாண்டிவிட்டேன். தேவையற்றதை ஒதுக்கத் தெரிவதுதான் ஆய்வாளரின் முதல் தகுதி.

என்ன ஐயா? வெளிர் நீலமா? அதற்கென்ன? ஒரு பட்டியலில் நான்கு நிறம் இருக்கும், அதில் ஒன்று நீலமாக இருக்கும். கேளுங்கள், முக்கியமான இடம் வருகிறது.

இருபது நிமிடம் நாங்கள் அந்தப் பையனைத் திருத்திக்கொண்டிருந்தோம். "இவனைக் கொஞ்சம் குறைங்க." "கன்னத்துல பச்சை தங்குது." "இந்த நெறத்துலயே விட்ருங்க, கத்தரிக்காய்க்கு இது தேவலை." "ஓட்டை இருக்கட்டும் டீச்சர், ஆயுசு எவ்வளவுன்னு கேளுங்க." என் தம்பி குற்றாலலிங்கம் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு கருத்துச் சொன்னான்: "அக்கா, நேத்து ராத்திரி சாப்பாட்டுல ஏதும் கலந்திருக்குமோ?"

அப்போதுதான் வேட்டியிலிருந்து ஒரு குரல் வந்தது. பையனின் அம்மா பகவதியம்மாள்.

"எம் புள்ளைய என்னன்னு நெனச்சிய? டிவியா? வந்ததுலருந்து கூட்டுதிய, குறைக்கிய! ஓட்டைங்கிய, கத்தரிக்காங்கிய! பொண்ணு பாக்க வந்தமா, காய்கறிச் சந்தைக்கு வந்தமா?"

மைக் திறந்தே இருந்திருக்கிறது. முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரைக்கும் மூவரும் கேட்டிருக்கிறார்கள். நான் சூழ்நிலையைச் சமாளிக்கத்தான் பேசினேன். "அம்மா, குறை உங்கள் மகனிடம் இல்லை, இருந்தாலும் ஒரு நெஞ்சு ஸ்கேன் எடுத்து அனுப்பிவிட்டால் இரு தரப்புக்கும் மன அமைதி" என்றேன். இதில் என்ன தவறு? பண்பாகத்தான் கேட்டேன். அந்தம்மா கோவில்பட்டிச் சட்டத்தை அணைத்துவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கரன்கோவிலில் வேறு பெண் பார்க்கப் போகிறார்களாம்; தரகர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

வாணி என்னோடு பேசுவதில்லை. நான்கு நாளாகிறது. என்னிடம் ஏதும் சொல்ல வேண்டுமென்றால் ஃபிரிஜ் கதவில் எழுதி ஒட்டுகிறாள். 'அத்தைக்குக் காபி மேசைமேல் இருக்கிறது. நிறம் சரியாக உள்ளது.' இப்படி. பன்னிரண்டு மாப்பிள்ளைகளில் இவள் பிடித்திருக்கிறது என்று சொன்ன ஒரே ஒருவன். அந்தப் பையனுக்கும் கோபம் இல்லை போலிருக்கிறது. நேற்று அவள் கைபேசியைப் பார்த்துச் சிரித்தாள். தற்செயலாக எட்டிப் பார்த்தேன். தற்செயலாகத்தான். 'இன்றைக்கு நான் என்ன நிறம்?' என்று கேட்டிருந்தான். அந்தக் கேள்வியை நான் இரண்டு முறை படித்தேன் ஐயா. இப்படிப்பட்ட பையனை ஞாயிற்றுக்கிழமை சங்கரன்கோவிலுக்கு விட்டுவிட முடியுமா?

மன்னிப்புக் கேட்டுவிடு அக்கா என்கிறான் தம்பி. மன்னிப்பு என்பது விளக்கம் சொல்லத் தெரியாதவர்கள் செய்வது. நான் நிரூபிக்கப் போகிறேன். சோதனை என்றால் இடத்தை மாற்ற வேண்டும், மற்றதை மாற்றக் கூடாது. அதே கருவி, அதே வேட்டி, அதே முறையில் கட்டி, கோவில்பட்டியில் அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே பையனைத் திரையில் வரவழைப்பேன். அங்கேயும் நீலமாக வருவான். வந்ததும் திரும்பி நின்று சொல்வேன்: பாருங்கள், குற்றம் எங்கள் வீட்டிலும் இல்லை, உங்கள் மகனின் இதயத்திலும் இல்லை, இந்தக் கருவியில்! கழுகாசலத்துக்கு ஒளியியல் விளங்காது. ஆனால் கண் இருக்கிறதல்லவா?

கயத்தாறு தாண்டிவிட்டோமா? ஓட்டுநர் வேகத்தடையை வேகத்தை அதிகரிக்க வைத்தது என்று எண்ணிவிட்டார் போலும். அப்பா! முதுகெலும்பு! கூடையைப் பிடித்துக்கொண்டீர்களா? நன்றி. அந்தப் பாட்டிலைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள், தொண்டை காய்கிறது.

ஏன் காலியாக இருக்கிறது? மூடி எங்கே?

ஐயோ, ஐயா. உங்கள் வேட்டி.

எழுந்திருக்காதீர்கள், சட்டையிலும் படும். பட்டுவிட்டது. இருங்கள். இது என்ன? ஏன் நீலமாக இருக்கிறது? ஏறும்போது வெள்ளையாகத்தானே இருந்தீர்கள்? நான் குறித்துவைத்திருந்தேனே!

பொறுங்கள், யோசிக்கிறேன். பெட்டி என் மடியில் இருக்கிறது. பூட்டியிருக்கிறது. கருவியில் மின்சாரம் இல்லை. ஒளி இல்லை. கூடைக்கும் பெட்டிக்கும் தொடர்பில்லை. கூடையில் வாழைப்பழம், தண்ணீர், வேட்டி. வாழைப்பழம் மஞ்சள். தண்ணீருக்கு நிறமில்லை.

…

ஐயா, நீங்கள் மூன்று முறை ஏதோ சொல்ல வந்தீர்கள். இதைத்தானா? உரக்கச் சொல்லியிருக்க வேண்டாமா? ஆண்பிள்ளைக்கு இவ்வளவு தயக்கம் ஆகாது.

…

இருபத்தொன்பது ஆண்டுகள். ஓர் ஆண்டுக்கு நூறு மாணவிகள் என்று வைத்துக்கொண்டால், நல்லவேளை, அவர்களில் ஒருத்திகூட இந்தப் பேருந்தில் இல்லை.

கேளுங்கள். கழுகாசலம் முப்பது ஆண்டுகளாக வேட்டி விற்கிறவர். இந்த வேட்டியை நான் அவர் கூடத்தில் விரித்தால், ப்ரொஜெக்டரைப் போடவே வேண்டாம். மடிப்பைப் பிரிக்கும்போதே, 'எத்தனை சொட்டு போட்டிய?' என்று கேட்டுவிடுவார். ஆகவே இந்த வேட்டி உங்களுக்கு. ஆம், உங்களுக்குத்தான். மறுக்காதீர்கள். மயில்கண் கரை, எட்டு முழம், நல்ல நெசவு. தம்பியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். அவன் எதையும் கேட்க மாட்டான்.

இனி எளிது. ரிமோட்டில் 'ரீசெட்' என்று ஒன்று இருக்கிறது, அழுத்தினால் நான் செய்த திருத்தமெல்லாம் அழிந்துவிடும். அவர்கள் வீட்டுச் சுவர் வெள்ளை. தரகர் காட்டிய படத்தில் பார்த்திருக்கிறேன். சுவரில் காட்டுவேன். பையன் பையனாக வருவான். பகவதியம்மாளிடம், 'கோளாறு எதில் என்று கண்டுபிடித்து நீக்கிவிட்டேன்' என்பேன். இதில் பொய் எங்கே இருக்கிறது? கண்டுபிடித்தேன். நீக்கிவிட்டேன். உங்கள் மடியில் இருக்கிறது. வேண்டுமானால் ஒரு மன்னிப்பும் கேட்டுவிடுகிறேன். முழு மன்னிப்பு அல்ல, சூழ்நிலைக்கு ஏற்ற ஒன்று. வாணிக்காகத்தான். வீட்டுக்குப் போனதும் அவளிடம்… அவளிடம் நானும் ஃபிரிஜ் கதவில் எழுதி ஒட்டிவிடுகிறேன். நேரில் சொன்னால் சிரிப்பாள்.

பேருந்து நிலையம் வந்துவிட்டது. இந்தக் கோலத்தில் நிச்சயதார்த்த வீட்டுக்கு எப்படிப் போவீர்கள்? கழுகாசலம் கடை பக்கத்தில்தான். அங்கே புது வேட்டி சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விலை என் பொறுப்பு, இதோ பிடியுங்கள். ஆனால் ஒரு மணி நேரம் கழித்துக் கடைக்குப் போங்கள், அதற்குள் நான் அவர்கள் வீட்டிலிருந்து வெளியே வந்துவிடுவேன். எப்படி இப்படி ஆனது என்று அவர் கேட்டால், மழை என்று சொல்லுங்கள். என்னைத் தெரியாது என்றும் சொல்லிவிடுங்கள்.

பழத்தைக் கொடுங்கள். நன்றி ஐயா, வருகிறேன். ஆங், ஒன்று. அந்த மயில்கண் வேட்டியை வீட்டில் துவைக்கும்போது சோப்பு மட்டும் போடச் சொல்லுங்கள். சொட்டு நீலம் வேண்டாம். அதற்குப் போட்டாகிவிட்டது.